குளச்சல் கடற்கரையும் பாட்டாவின் கொக்கியும்

நேற்று எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. கன்னியாகுமரி மாவட்டத்துக் குளச்சல் கடற்கரைக்குப் போகிற எங்கள் பழைய தெருவை இப்படி மாற்றலாம் என்று யாரோ கம்ப்யூட்டரில் வரைந்தது. தரை முழுக்கச் சிவப்புக் கல், வரிசையாக விளக்குக் கம்பம், செல்ஃபி எடுக்க ஒரு மேடை. சுவரில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா முன்னால் டச்சுத் தளபதி டிலனாய் சரணடைகிற ஓவியம். பத்மநாபபுரம் அரண்மனையில் பார்த்திருப்பீர்களே, அதேதான்.

படம் அழகுதான். ஆனால் அந்தத் தெருவில் குடியிருந்தவர்கள் அதில் எங்கே?

டச்சுக்காரர்களைத் தோற்கடித்த 1741 குளச்சல் சண்டையில் எனக்கும் பெருமை உண்டு. அதற்கு வெற்றித்தூண் இருக்கிறது. தோற்றுப்போய், அப்புறம் திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்த டிலனாய்க்கும் உதயகிரிக் கோட்டையில் கல்லறை இருக்கிறது. அந்தச் சண்டை அந்த வருஷத்தோடு முடிந்துவிட்டது. இந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாக நடந்தது சுமடு, அதாவது தலைச்சுமை வேலை.

குளச்சலில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது, தூரத்தில் நங்கூரம் போடும். வள்ளம் என்கிற சின்னப் படகில்தான் சரக்கு போக வேண்டும். குடோனிலிருந்து வள்ளம் வரை தலைச்சுமை. இடுப்பளவு தண்ணீரில் நின்று, அலை பின்வாங்குகிற நேரம் பார்த்து மூட்டையை இறக்க வேண்டும். நேரம் தப்பினால் வள்ளம் ஆளையே அடித்துவிடும். தும்பு, கயிறு, கருப்புக்கட்டி என்று போய்க்கொண்டிருந்த கரை இது. பக்கத்து மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்த பிறகு மணலும் சரக்கானது. ஐரோப்பாவில் கேஸ் விளக்கில் ஒளி விடுகிற மேண்டில் வலைக்கு வேண்டிய தோரியம் அதில் இருந்தது.

என் பாட்டா (தாத்தா) சுமந்ததும் மணல்தான். கருமணல் மூட்டை பார்க்கச் சின்னதாக இருக்குமாம், தூக்கினால் கழுத்து உள்ளே இறங்கிவிடுமாம். பாட்டாவுக்கு உச்சந்தலையில் வட்டமாக முடியே கிடையாது. கேட்டால், "சும்மாடு தின்னுட்டு மக்ளே" என்று சிரிப்பார்.

கொச்சி மட்டாஞ்சேரியில் நான் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். அந்தப் பக்கத்தில் 2012-ல் பினாலே என்ற கலைக் கண்காட்சி தொடங்கியது. பழைய குடோன்களில் இப்போது ஓவியம் மாட்டுகிறார்கள், காப்பி விற்கிறார்கள். கட்டிடங்கள் பிழைத்தன, நல்லது. ஆனால் 'சாப்பா' என்ற சொல்லை அங்கே எந்தப் பலகையிலும் நான் பார்க்கவில்லை, ஒரு டீக்கடையில்தான் கேட்டேன். அந்தக் காலத்தில் சாப்பா என்கிற வேலை டோக்கன்களைத் துறைமுகத் தொழிலாளர் கூட்டத்தின் மேல் வீசுவார்களாம். அடித்துப் பிடித்துப் பொறுக்கியவனுக்கு அன்றைக்கு வேலை. அதை எதிர்த்த போராட்டத்தில், 1953 செப்டம்பரில், போலீஸ் சுட்டது, தொழிலாளர்கள் செத்தார்கள். அந்தத் தெருவில் நூற்றைம்பது ரூபாய்க்குக் காப்பி குடிக்கிறவர்களுக்கு இது தெரியாது. எனக்கும்தான் இரண்டு வருஷம் தெரியவில்லை.

சரி, நம் தெருவுக்கு என்ன வேண்டும்? முதலில் சாக்கடை. தரையை உயர்த்திக் கல் பதித்தால் மழைத் தண்ணீர் நேராக வீட்டுக்குள்தான் வரும். பக்கத்தில் ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாய் கிடக்கிற கிடப்பைப் பாருங்கள். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்க 1860-ல் வெட்டத் தொடங்கியது. 2004 சுனாமியில் அதைத் தாண்ட முடியாமல் எத்தனை பேரை இழந்தோம்! அதைத் தூர்வாராமல் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது, கூரை ஒழுகும்போது முற்றத்தில் கோலம் போடுகிற கதை.

(பக்கத்து இனயம் ஊரில் வருவதாகச் சொன்ன துறைமுகம் வந்திருந்தால் வேலை கிடைத்திருக்கும் என்று யாராவது வருவீர்கள். அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.)

அப்புறம், ஓடு சரிந்து நிற்கிற அந்தக் கடைசி குடோன். பார்க்கிங்குக்காக இடிக்கலாம் என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். இடிக்க வேண்டாம். ஓட்டை மாற்றி, நாலு பெஞ்ச் போட்டு, சுமடு எடுத்தவர்களில் மிச்சமிருக்கிறவர்களை உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு பண்ணுங்கள். அவர்கள் பெயர்களைச் சுவரில் எழுதுங்கள். ராஜா படம் பக்கத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். இன்னொன்று, தெரு பளபளப்பானதும் வாடகை ஏறும், ஹோம்ஸ்டே வரும். இப்போது அங்கே குடியிருப்பவர்கள் அதே வீட்டில் இருக்க என்ன ஏற்பாடு என்று அந்தப் படம் வரைந்தவர் முதலில் சொல்லட்டும்.

பாட்டா மூட்டை இழுத்த இரும்புக் கொக்கி மாமி வீட்டு அடுக்களையில் இருக்கிறது. பிடி தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. இப்போது அதில் மட்டி வாழைக்குலை தொங்குகிறது. குடோனைச் சரிபண்ணினால் கொடுப்பீர்களா என்று போனில் கேட்டேன். "கொண்டு போ, குலைக்கு வேற ஆணி அடிச்சுக்கிடுதேன்" என்றார்.