உயிரோடு இருக்கிறேன் என்று அம்மா எத்தனை முறை நிரூபிக்க வேண்டும்?

மூன்று நாள் ஆகிவிட்டது, எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. ஓய்வூதியத்துக்கு வாழ்நாள் சான்று கொடுக்கப் போன இடத்தில், 74 வயது அம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, பெருவிரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து, ரேகை பார்க்கும் அந்தச் சின்னக் கருவியின் கண்ணாடி மேல் வைத்துக்கொண்டே இருந்தார். பதினோரு முறை வைத்தார், நான் எண்ணினேன். பதினோரு முறையும் ரேகை விழவில்லை. "கொஞ்சம் அழுத்தி வையுங்கள் பாட்டி" என்றான் கருவியோடு உட்கார்ந்திருந்த பையன். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவன் பொறுமையாகத்தான் இருந்தான். ஆனால் ஒவ்வொரு முறை திரை சிவப்பாகும்போதும் அம்மா ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போல என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அம்மா முப்பது வருடம் பீடி சுற்றியவர். இலையை நனைத்து, வெட்டி, தூள் வைத்து, உருட்டி, நுனியை மடக்கி, நூல் கட்டி, ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி. அந்த விரலில் ரேகை எங்கிருந்து மிஞ்சும்? எங்களைப் படிக்க வைத்துத் தேய்ந்த விரல் அது. அதைப் பார்த்து, இது யாருடையது என்று தெரியவில்லை என்கிறது கருவி.

அப்பா மத்திய அரசுத் துறை ஒன்றில் கடைநிலை ஊழியராக இருந்தவர். அவர் போன பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. அதற்கு ஆண்டுதோறும் நவம்பரில் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். சரி, கொடுக்கிறோம். இறந்தவர் பெயரில் பணம் போகக்கூடாது என்பது நியாயம்தான். ரேகை விழவில்லை என்றதும் முகத்தைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது கைபேசி. கண்புரை அறுவை முடிந்த அம்மா, வெளிச்சத்தில் கூசி, சிமிட்ட வேண்டிய நேரத்தில் சிமிட்டாமல், வேண்டாத நேரத்தில் சிமிட்டினார். அதுவும் ஆகவில்லை. "ஆதாரைப் புதுப்பித்துக்கொண்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். புதுப்பிக்கும் மையம் பக்கத்து ஊரில். பஸ் பிடித்துப் போனால், அன்றைய டோக்கன் காலையிலேயே தீர்ந்துவிட்டது.

நேரே வங்கிக்குப் போனேன். ஓய்வூதியம் வருவது அந்தக் கிளை வழியாகத்தான். அம்மாவை மேசைக்கு முன்னால் நிறுத்தி, "இதோ நிற்கிறார், பாஸ்புத்தகம் இருக்கிறது, பழைய ஆவணம் எல்லாம் இருக்கிறது, ஒரு படிவத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்" என்றேன். "இப்போதெல்லாம் ஆன்லைன்தான் சார்" என்றார் அந்த அலுவலர். அம்மாவின் முகத்தை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவருக்கு இரண்டடி தூரத்தில் ஒரு மனுஷி மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறார். அவர் உயிரோடு இருப்பதை ஒரு சர்வர் ஒப்புக்கொண்டால்தான் இவர் ஒப்புக்கொள்வாராம்!

இதில் வயிறு எரிய வைப்பது என்ன தெரியுமா? மத்திய அரசு ஓய்வூதியர் வங்கிக்கு நேரில் போய்க் காகிதத்தில் சான்று கொடுக்கும் வழியை யாரும் ஒழிக்கவில்லை. அது இன்றும் இருக்கிறது. முடியாதவர்களின் வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது. எல்லாம் ஏட்டில் இருக்கிறது. மேசைக்கு வந்தால் இல்லை.

2014 நவம்பர் 10-ஆம் தேதி, ஆதாரை வைத்து ஆன்லைனில் வாழ்நாள் சான்று கொடுக்கும் ஜீவன் பிரமாண் திட்டத்தைத் தொடங்கியபோது என்ன சொன்னார்கள்? முதியவர்கள் இனி அலைய வேண்டாம் என்றார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி டிஜிட்டல் இந்தியா வந்தது. அரசாங்கமே வீடு தேடி வரும் என்று நம்பினோம். நானும்தான் நம்பினேன், நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். பலருக்கு அது பயன்பட்டது என்பதை மறுக்க மாட்டேன். என் நண்பரின் அப்பா வீட்டில் இருந்தபடியே பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார். அவருடைய விரல் பேனா பிடித்த விரல். கல் சுமந்தவர், சுண்ணாம்பு கலந்தவர், நாற்று நட்டவர், பாத்திரம் தேய்த்தவர் கதி என்ன? யாருக்கு அந்தப் பணம் உயிர்நாடியோ அவர்களுடைய ரேகைதானே முதலில் அழிகிறது! இதை யோசிக்க ஒரு பெரிய நிபுணர் குழு வேண்டுமா?

ரேஷன் கடையிலும் இதே கொடுமைதான். அரிசி வாங்க வருபவர் விரல் வைக்க வேண்டும், அட்டையில் உள்ள ஒவ்வொருவரும் போய்த் தன்னைப் பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பெயர் போய்விடுமோ என்று பயந்து சாக வேண்டும். 2017-இல் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் ஒரு 11 வயதுச் சிறுமி இறந்தாள். ஆதார் இணைக்காததால் ரேஷன் அட்டையை ரத்து செய்துவிட்டார்கள், குழந்தை பட்டினியால் போய்விட்டாள் என்று அழுதார் தாய். மலேரியா என்றது அரசுத் தரப்பு. என்னவாகவும் இருக்கட்டும், அந்த வீட்டில் அரிசி இல்லை. அதன் பிறகு அக்டோபர் 24-ஆம் தேதி, விரல் பதியாதவர்களுக்கு மாற்று வழி செய்ய வேண்டும் என்று ஆதார் ஆணையம் சுற்றறிக்கை விட்டது. 2018 செப்டம்பர் 26-ஆம் தேதி தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும், சரிபார்ப்பு தோற்றதற்காக உரியவருக்கு உதவியை மறுக்கக்கூடாது என்றது. இத்தனைக்கும் பிறகுதான் என் அம்மா பதினோரு முறை விரலைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் கேட்பது ஒன்றுதான். எங்களைச் சோதிக்க இத்தனை கருவி கண்டுபிடித்தீர்களே, உங்களைச் சோதிக்க என்ன வைத்திருக்கிறீர்கள்? எங்களுக்குக் கடைசித் தேதி உண்டு. தவறினால் அடுத்த மாதப் பணம் நிற்கும். சான்றை வாங்க மறுத்தவருக்கு என்ன நிற்கும்? குறித்த காலத்தில் சேவை தராத அதிகாரி அபராதம் கட்ட வேண்டும் என்று 2011 டிசம்பரில் மக்களவையில் ஒரு மசோதா வைத்தார்கள். 2014-இல் அந்த மக்களவையோடு அதுவும் காலாவதியாகிவிட்டது. முன்பு ஆண்டவர்கள் நிறைவேற்றாமல் விட்டார்கள், பின்பு வந்தவர்கள் தூசி தட்டி எடுக்கவில்லை. இரு தரப்புக்கும் இதில் நல்ல ஒற்றுமை. முடியாத காரியமா இது? மத்தியப் பிரதேசம் 2010-லேயே இப்படி ஒரு சட்டம் போட்டது; தாமதத்துக்கு நாள் ஒன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 5,000 ரூபாய், அதிகாரியின் பையிலிருந்து. தகவல் கேட்டுப் பதில் தராவிட்டால் நாளுக்கு 250 ரூபாய் என்று 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் சொல்கிறது. தகவலுக்கு இருக்கும் காவல் ஒரு கிழவியின் சோற்றுக்கு ஏன் இல்லை?

இதைவிடக் கேவலம் முதியோர் ஓய்வூதியம். 80 வயதுக்குக் கீழே உள்ள ஏழை முதியவருக்கு மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அதே 200. மாநிலங்கள் தங்கள் பங்கைச் சேர்ப்பதால் ஏதோ ஓடுகிறது. சரிபார்க்கும் முறையை வருடத்துக்கு வருடம் மாற்றத் தெரிந்தவர்களுக்கு இந்த எண்ணை மாற்றத் தெரியவில்லையா? வாழ்க்கைத் தரம் உயர்ந்துவிட்டது என்று மேடையில் பேசுகிறவர்கள், இந்த 200 ரூபாயை ஒரு முறை கையில் வாங்கிக்கொண்டு மளிகைக் கடைக்குப் போய் வரட்டும்.

தேங்காய் எண்ணெய் தேய்த்தால் ரேகை விழும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னாராம். மூன்று இரவாக அம்மா படுக்கும் முன் பத்து விரலிலும் எண்ணெய் தேய்த்துக்கொள்கிறார். "எனக்காக நீ லீவு போட்டு அலைகிறாயே ராசா" என்கிறார். நாளைக் காலை மறுபடியும் அந்த வங்கிக்குப் போகிறேன், நிரப்பிய காகிதப் படிவத்தோடு. வாங்க முடியாது என்றால், அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லப்போகிறேன். தரும் வரை அம்மாவும் நானும் அந்த மேசையை விட்டு நகரப்போவதில்லை.