ஒரு சிப் பெட்டியும் புன்னைக்குடாக் காணியும்

கட்டுநாயக்காவில் எட்டு வருஷம் ஷிப்பிங் கிளார்க்காக வேலை பார்த்தவன் நான். அதனால் ஊரில் யார் 'வலயம்' என்று, அதாவது ஏற்றுமதிப் பெக்டரிகளுக்கென்று ஒதுக்குகிற இடம் என்று, வாயெடுத்தாலும் கடைசியில் கேள்வி என் பக்கம்தான் திரும்பும். போன வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். மட்டக்களப்பு மாவட்டத்து ஏறாவூரில், புன்னைக்குடா வீதியில் ஒரு தேத்தண்ணிக் கடை. புன்னைக்குடாவில் துணிப் பெக்டரி வலயம் வரப்போகிறது என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பிளேன்டீயை ஆற்றிக்கொண்டே ஒரு காக்கா (வயதில் மூத்தவரை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம்) கேட்டார்: "தம்பி, பத்து வருசத்துக்கு வரி இல்லெண்டு சொன்னா வெள்ளக்காரன் ஓடி வருவான் தானே?"

"வரமாட்டான் காக்கா" என்றேன். கடையில் இருந்த நாலைந்து பேரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். சொல்லி முடிக்க நேரமில்லை, ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லிவிட்டது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

அப்போது நான் வேலை செய்த பெக்டரி வலயத்துக்குள் இல்லை. வலய மதிலிலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர் தள்ளி, வீதியோரம். முதலீட்டுச் சபையின் அனுமதி இருந்தது, வரிச்சலுகையும் இருந்தது. பெண்கள் போடும் காற்சட்டைக்கு ஒரு ஓர்டர். துணி வந்தாயிற்று, நூல் வந்தாயிற்று, லேபலும் வந்தாயிற்று. காற்சட்டையில் பூட்டுகிற சிப் (zip) மட்டும் விமானத்தில் வந்து கார்கோவில் நின்றுவிட்டது. இன்வொய்ஸில் 'உலோகம்' என்று எழுதியிருந்தது, பெட்டிக்குள் இருந்தது நைலோன். அனுப்பியவன் விட்ட பிழை. திருத்தக் கடிதம் எடுத்துக்கொண்டு கையெழுத்துக்கு ஓடினால் ஐயா போய்விட்டார். அடுத்த நாள் வெள்ளி, போயா விடுமுறை. பிறகு சனி, ஞாயிறு. எங்கள் மொட்டை மாடியில் நின்றால் விமான நிலைய வெளிச்சம் தெரியும். அந்த வெளிச்சத்துக்குக் கீழே எங்கேயோ எங்கள் சிப் பெட்டி கிடக்கிறது என்று மூன்று இரவு பார்த்துக்கொண்டு நின்றேன்.

திங்கள் பின்னேரம் பெட்டி கைக்கு வந்தது. இரவு பகலாக லைன் ஓடியது. பிள்ளைகள் மெஷினிலேயே தலைவைத்துத் தூங்கி எழும்பித் தைத்தார்கள். என்றாலும் கப்பலுக்குச் சாமான் ஒப்படைக்கும் நேரம் தவறிவிட்டது. ஒரு கிழமை பொறுக்கப் பையர், அதாவது ஓர்டர் தந்த வெளிநாட்டுக் கம்பனி, சம்மதிக்கவில்லை. அவ்வளவு காற்சட்டையும் விமானத்தில் போனது, எங்கள் செலவில். கூலி கட்டி முடித்தபோது இலாபமும் போய்க் கைக்காசும் போயிருந்தது. எங்கள் கணக்காளர் அன்றைக்குச் சொன்ன வார்த்தை இன்னும் காதில் நிற்கிறது: "இலாபமே இல்லாதவனுக்கு என்னத்துக்கு வரிவிலக்கு?"

மதிலுக்கு உள்ளே இருந்த பெக்டரிகளுக்கும் எங்களுக்கும் வரியில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் அவர்களுடைய கொன்டெய்னரைப் பார்க்கிற சுங்க அதிகாரி வலயத்துக்குள்ளேயே இருந்தார். கடதாசியில் பிழை என்றால் நடந்து போய்க் கதைத்துத் தீர்க்கலாம். கரண்ட் லைன், தண்ணீர், கழிவுநீர், கட்டட அனுமதி எல்லாவற்றுக்கும் ஒரே கதவு. தீர்வை கட்டாமல் மூலப்பொருள் இறக்குவதற்குக்கூட வலயம் கட்டாயமில்லை; ஏற்றுமதிக்கென்று தற்காலிகமாக இறக்கும் சுங்கத் திட்டத்தின் கீழ் வெளியிலிருக்கும் பெக்டரியும் அதைச் செய்யலாம். அப்படியிருந்தும் வலயத்துக்குள் இடம் கேட்டு வரிசையில் நின்றார்கள். அங்கே விற்றது நேரம். இத்தனையாம் திகதி சாமான் வரும், இத்தனையாம் திகதி கப்பலேறும் என்று பையருக்கு வாக்குக் கொடுக்கிற தைரியம்.

இந்த நாட்டில் இது 1978 இல் தொடங்கியது. பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழு என்று ஒன்றை அமைத்து முதல் வலயத்தைக் கட்டுநாயக்காவில் போட்டார்கள். ஏன் கட்டுநாயக்கா? வேலியை ஒட்டி விமான நிலையம், ஒரு மணித்தியாலத்துக்குள் கொழும்புத் துறைமுகம். பிறகு பியகம, கொக்கல. 1992 இல் ஆணைக்குழு முதலீட்டுச் சபையாக மாறியது. அதே வருஷம்தான் ஜனாதிபதி பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைக் கொண்டுவந்தார். கிராமத்துக்குப் போகாத முதலாளிமார் அப்போது கிராமத்துக்குப் போனார்கள். வரிக்காகப் போனார்கள் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அவர்களை இழுத்தது கோட்டா. அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இத்தனை டசின்தான் அனுப்பலாம் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் அளவு இருந்தது. தூரத்து ஊருக்குப் போகிறவனுக்கு அந்த அளவில் கூடுதல் பங்கு. கோட்டா கையிலிருந்தால் ஓர்டர் நிச்சயம், ஆகவே மூட்டை கட்டினார்கள். 2004 முடிவோடு உலகம் முழுக்கக் கோட்டா ஒழிந்தது, ஊர்ப்பக்கத்துப் பெக்டரிகள் பலவும் கதவைச் சாத்தின. வடக்குக் கிழக்கில் யுத்தம் என்பதால் அந்த அலையில் நமக்குக் கிடைத்தது மிகக் குறைவு. அது வேறு கதை, இன்றைக்கு வேண்டாம்.

சரி, புன்னைக்குடாவுக்கு வருவோம். அங்கே சொல்லப்படுவது சாதாரண தையல் வலயமில்லை. துணி நெய்து, சாயம் போட்டு, பதப்படுத்துகிற பெக்டரிகளுக்கான வலயம். தையல் பெக்டரி நம் மாவட்டத்தில் ஏற்கனவே இருக்கிறது. விடிய நாலரைக்குச் சந்தியில் நின்றால் பிள்ளைகளை ஏற்றுகிற பஸ்களைப் பார்க்கலாம். துணிதான் நாட்டுக்கே இல்லாதது. நாம் தைக்கிற துணியில் பெரும்பங்கு சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வருகிறது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகை 2010 இல் நம்மிடமிருந்து பறிபோய் 2017 மே மாதம் திரும்பக் கிடைத்தது. தீர்வை இல்லாமல் ஆடை போகலாம். ஆனால் தைத்தால் மட்டும் போதாது, பொதுவாகத் துணியும் இங்கே உருவாகியிருக்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. பங்களாதேஷுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. மிகப் பின்தங்கிய நாடு என்ற பட்டியலில் இருப்பதால் எங்கிருந்து துணி வாங்கித் தைத்தாலும் சலுகை. ஆக, சலுகைக் கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டே நாம் பல ஓர்டருக்கு முழுத்தீர்வை கட்ட விடுகிறோம். புன்னைக்குடாவில் துணி வந்தால் வெளிநாட்டுக்காரனுக்கு உண்மையான கவர்ச்சி இதுதான். பத்து வருஷ வரிவிலக்கை எந்த நாடும் கொடுக்கும். ஐரோப்பாவுக்குத் தீர்வையில்லாத வாசலை எல்லா நாடும் கொடுக்க முடியாது. ஒரு நேர்மைக்காக இதையும் சொல்ல வேண்டும்: இங்கிலாந்து தன் பங்குக்கு இந்தத் துணி விதியைத் தளர்த்துவதாக 2025 இல் அறிவித்தது. எங்கள் ஆடையை நிறைய வாங்குகிற சந்தை அது. ஆகவே இந்தக் கவர்ச்சியும் என்றென்றைக்கும் இருக்கும் என்று கனவு காணக்கூடாது.

நம்ம நாட்டுக் கம்பனியே இதைச் செய்து காட்டியிருக்கிறது, ஆனால் இங்கே இல்லை. பிரண்டிக்ஸ் ஆந்திராவில் விசாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் 1000 ஏக்கரில் விசேட பொருளாதார வலயம் போட்டு, நூலிலிருந்து தைத்த உடுப்பு வரை ஒரே வளாகத்தில் செய்கிற ஏற்பாடு பண்ணியது. இலங்கைக்காரன் இந்தியாவுக்குப் போய் வெளிநாட்டு முதலீட்டாளன் ஆகிறான். அவனுக்கு ஊர்ப்பற்று இல்லை என்று திட்டுவது சுலபம். அந்த அளவுக்கு இடம், தண்ணீர், கடற்கரை, துறைமுகம் எல்லாம் ஒரே இடத்தில் நாம் கொடுத்தோமா?

இனித் தண்ணீர். சாயப்பெக்டரிக்கு மின்சாரத்தைவிடத் தண்ணீர் முக்கியம். ஒரு கிலோ துணியைச் சாயம் போட்டு முடிக்க நூறு லீற்றர் அளவில் போய்விடும். மட்டக்களப்புக்குக் குழாய்த் தண்ணீர் உன்னிச்சைக் குளத்திலிருந்து வருகிறது. அதே குளத்தில்தான் வயல்காரனும் சிறுபோகத்துக்குக் கண் வைத்திருக்கிறான். மாவட்டச் செயலகத்தில், நாங்கள் கச்சேரி என்கிற இடத்தில், நடக்கிற கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதிக்கு என்ன சண்டை நடக்கும் என்பது விவசாயிகளுக்குத் தெரியும். அந்த மேசையில் மூன்றாவதாக ஒரு கதிரை போடப்போகிறோமா, இல்லாவிட்டால் கடல்நீரை நன்னீராக்கப் போகிறோமா? அதற்கு ஆகும் காசை யார் கட்டுவது?

உள்ளே போகும் தண்ணீரைவிட வெளியே வருகிற தண்ணீர் பெரிய கேள்வி. திருப்பூரைப் பாருங்கள். ஏற்றுமதியில் கொடிகட்டிப் பறந்த ஊர். சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, விவசாயிகள் வழக்குப் போட்டு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரே நாளில் ஊரே திகைத்து நின்றது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பாவிக்க வேண்டும் என்ற பிறகுதான் மெல்ல மெல்லத் திறந்தார்கள். சுத்திகரிப்புச் செலவைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்க்காததால் வந்த வினை. இன்றைக்கு ஐரோப்பியப் பையர் முதலில் அனுப்புகிற ஆள் அந்தச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்க்கிற ஆள்தான். ஆகவே 'சுற்றாடல் என்று கத்தி முதலீட்டைக் கெடுக்காதீர்கள்' என்று பின்னூட்டம் எழுதுகிற தம்பிமார் ஒருக்கா யோசியுங்கள்.

தூரத்தையும் மறைக்க முடியாது. இங்கிருந்து கொழும்புத் துறைமுகத்துக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். பொலன்னறுவை, ஹபரணை, குருநாகல் என்று கொன்டெய்னர் லொறி ஒரு இரவு முழுக்க ஓட வேண்டும், யானை மறிக்காமல் இருந்தால். பக்கத்தில் திருகோணமலை இருக்கிறதே என்பீர்கள். உலகமே புகழும் இயற்கைத் துறைமுகம்தான். கோதுமைக் கப்பலும் சீமெந்துக் கப்பலும் வரும், கொன்டெய்னர் கப்பல் முறைவைத்து வருவதில்லை.

அம்பாறை மாவட்டத்து ஒலுவில் துறைமுகத்தைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. அமைச்சராக இருந்த அஷ்ரப் அவர்கள் கண்ட கனவு. டென்மார்க் கடனில் கட்டி 2013 இல் திறந்தார்கள். துறைமுகத்தின் வாய் மணலால் அடைபட்டது. ஒரு பக்கம் மணல் சேர, மறுபக்கம் ஒலுவிலும் நிந்தவூரும் கரையை இழந்தன. தென்னைகள் வேரோடு கடலில் கிடந்ததை நானே போய்ப் பார்த்தேன். வர்த்தகக் கப்பல் வருகிற துறைமுகம் என்று சொன்ன இடத்தில் கடைசியில் மீன்பிடிப் படகுகளே வாய்க்குள் நுழையப் பாடுபட்டன. கட்டடம் இருக்கிறது, திறப்புவிழாக் கல் இருக்கிறது. அதனால்தான் 'காணி ஒதுக்கியாயிற்று' என்ற செய்திக்கு எனக்குக் கை தட்ட வருவதில்லை.

இன்னொரு சின்னக் கடுப்பு. 2017 உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் வரி விடுமுறைக்குப் பதிலாக, போடுகிற முதலீட்டை வரிக் கணக்கில் கழிக்கும் முறை வந்தது. வட மாகாணத்தில் போட்டால் 200 வீதம் கழிக்கலாம், கிழக்கில் போட்டால் நாட்டின் மற்ற இடங்களைப் போல 100. யுத்தம் நம் பக்கத்திலும்தானே நடந்தது? வரி முக்கியமில்லை என்று இவ்வளவு நேரம் எழுதிவிட்டு இதற்குக் கோபப்படுகிறேன் என்று சிரிக்காதீர்கள். எனக்கு உறைப்பது தொகையில்லை. அந்தச் சட்டத்தை எழுதும்போது நம் எம்.பி.மார் யாராவது வாசித்தார்களா என்பதுதான்.

வேலை செய்யப்போகிறவர்கள் பெரும்பாலும் நம் பெண்பிள்ளைகள். சாய வேலைக்கு ஆண்கள் கூடுதலாகத் தேவைப்படும், என்றாலும் ஒட்டுமொத்தக் கணக்கு பெண்கள் பக்கம்தான். இப்போது அவர்களுக்கு இருக்கிற வழி சவூதி, குவைத், இல்லாவிட்டால் உதயதேவி ரயிலில் ஏறிக் கட்டுநாயக்கா. போடிங் அறை ஒன்றில் ஐந்தாறு பேர், கிணற்றடியில் விடிய மூன்று மணிக்கு வரிசை. 2011 இல் தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலத்துக்கு எதிராக அந்த வலயத் தொழிலாளர்கள் வீதிக்கு இறங்கியபோது பொலிஸ் சுட்டு ஒரு இளைஞன் இறந்தான். சட்டமூலத்தை அரசாங்கம் திரும்பப் பெற்றது. தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 17,500 ரூபாயிலிருந்து 27,000 ஆனது. குறைந்தபட்சச் சம்பளம் வலயத்துக்குள்ளும் சட்டம்தான். வீட்டுக்குச் சாப்பாட்டுக்குத் திரும்பி வருகிற தூரத்தில் வேலை என்றால் நம் பிள்ளைகளுக்கு அதுவே பாதிச் சம்பளம். இதற்காகவாவது புன்னைக்குடா வரவேண்டும் என்று நினைக்கிற ஆள் நான்.

ஜும்ஆ முடிந்து வந்த காக்கா என்னை விடவில்லை. இவ்வளவையும் சுருக்கிச் சொன்னேன். வரியைப் பற்றி அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. மகன் புன்னைக்குடாவில் கரைவலை வைத்திருக்கிறாராம். "அது சரி தம்பி, அந்தச் சாயத் தண்ணி வாற குழாய்ர வாய் கடலுக்க எவ்வளவு தூரத்தில வருது? எங்கட வலை வளைக்கிற இடத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை ஒரு அலுவலகத்தில் போய்க் கேட்டேன், பொறுப்பானவர் கூட்டத்தில் என்றார்கள். செவ்வாயும் போனேன், அன்றைக்கும் கூட்டம். புதன்கிழமை 2016 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதிப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். கேள்வியைக் காக்கா கேட்டபடியேதான் எழுதியிருக்கிறேன், வலை வளைக்கிற இடம் உட்பட.