பார்னும் பட்டாவும்: ஒரு திருத்தம்

அணுக்கரு இயற்பியலில் மிகச் சிறிய பரப்பை அளக்கும் 'பார்ன்' அலகை ஏக்கருக்கு மாற்றிக் காட்டிய உங்கள் கட்டுரை அருமை. ஆனால் ஒரு பார்ன் 10⁻²⁴ சதுர மீட்டர் என்று போட்டிருக்கிறீர்கள். அது சதுர சென்டிமீட்டர். சதுர மீட்டரில் 10⁻²⁸. தயவுசெய்து திருத்துங்கள், பிள்ளைகள் படிப்பார்கள்.

நான்கு சுழிதானே என்று விட முடியாது. காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் மாந்தோப்பு 2 ஏக்கர் 47 சென்ட். பட்டாவில் ஒரு ஹெக்டேர், அதாவது 10,000 சதுர மீட்டர். பார்னில் சொன்னால் 10³². உங்கள் கணக்குப்படி 10²⁸தான் வரும். அந்த 10²⁸ பார்னைச் சரியாக மாற்றினால் ஒரே ஒரு சதுர மீட்டர். ஒரு மாங்கன்றுக்குக் குழி வெட்டலாம், அவ்வளவுதான்.

இதே மாதிரிக் குழப்பம் பட்டாவிலும் நடக்கிறது. ஏர் என்று இருப்பதைச் சென்ட் என்று படித்துவிடுகிறார்கள். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 2.47 சென்ட். எங்கள் ஊரில் பாகப்பிரிவினைப் பேச்சே இதனால் இரண்டு முறை நின்றுபோனது.

அப்புறம், பார்ன் என்றால் தானியக் கொட்டகை. 1942-இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வைத்த பெயர். யுரேனியம் அணுக்கருவின் குறுக்குப்பரப்பே ஏறக்குறைய 1.7 பார்ன்தான். அணுக்கருவில் மோத வரும் துகள்களுக்கு அது கொட்டகை அளவு பெரிய இலக்கு. இதையும் கட்டுரையில் சேர்த்தால் பிள்ளைகளுக்கு அலகு மனதில் நிற்கும்.