அந்தப் பிள்ளை உட்கார்ந்தாள். சரி, அதற்கென்ன?

அந்த வீடியோவை இனி எனக்கு அனுப்பாதீர்கள். பார்த்துவிட்டேன். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று மலையகத்து வட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றையும் சுற்றி வந்து கடைசியில் எங்கள் கடைப் பிள்ளைகளின் குழுவுக்கே வந்துவிட்டது. "நம்ம டவுன் கடைகளின் இலட்சணம்" என்று மேலே எழுதி, கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். ஒரு துணிக்கடைப் பிள்ளை அலுமாரிக்குப் பின்னால் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலை அமுக்கிக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான் வீடியோ.

களவெடுக்கவில்லை. யாரையும் ஏசவில்லை. பில்லில் காசு கூட்டிப் போடவில்லை. உட்கார்ந்தாள்.

நானும் துணிக்கடையில்தான் வேலை செய்கிறேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் கடையில் சாரிப் பகுதியில் கதிரைகள் இருக்கின்றன, நல்ல மெத்தை போட்ட கதிரைகள். வாடிக்கையாளருக்கு. கல்யாணச் சாரி எடுக்க வரும் குடும்பம் சம்பந்தி வீட்டாரோடு வந்து உட்கார்ந்து, பிளேன்டி குடித்து, ஆறுதலாகப் பார்க்கட்டும், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எதிரே நிற்பவளுக்கும் இரண்டு கால்தான். காலையில் கடை திறக்க முன்பே வந்து கூட்டித் துடைத்து, இரவு ஷட்டர் இறங்கும் வரைக்கும் நிற்பது. ஆடி மாதத்து ஹட்டன் மழையில் டைல் தரை எப்படிச் சில்லிட்டுக் கிடக்கும் என்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சாரி விரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு உதறல், முடிந்தது. மடிப்பதை யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் அதற்குள் நீங்கள் "வேறு கலர் இருக்கா?" என்று அடுத்த தட்டைக் காட்டியிருப்பீர்கள். பட்டு என்றால் பழைய மடிப்புக் கோட்டிலேயே திரும்ப விழ வேண்டும். ஜரிகையை உள்ளே தள்ளி, இடையில் மெல்லிய கடதாசி வைத்து, அட்டையில் சுற்றி, உறைக்குள் போட வேண்டும். கோடு கொஞ்சம் தப்பினாலும் அடுத்து வருபவர் தொட்டுப் பார்த்துவிட்டு "இது யாரோ கட்டிக் கழித்தது மாதிரி இருக்கே" என்பார். தோட்டத்தில் தரும் தீபாவளி முற்பணம் கைக்கு வந்த வாரத்தில் அந்த மேசையில் மலை மாதிரிக் குவியும். இதையெல்லாம் நின்றுகொண்டுதான் செய்கிறோம். சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் வந்தால், டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) மே மாதத்து வெசாக் வரைக்கும், குல்லாவும் ஸ்வெட்டரும் கேட்டு வருகிறவர்களுக்கு இரவு பகல் கிடையாது. அப்போதும் நின்றுகொண்டுதான்.

"வேலை நேரத்தில் உட்காரலாமா?" என்று ஒரு அண்ணன் கேட்டிருந்தார். வங்கியில் காசு எண்ணித் தருபவர் உட்கார்ந்துதான் எண்ணுகிறார். பிரதேச செயலகத்தில் உட்கார்ந்துகொண்டே நாளைக்கு வரச் சொல்கிறார்கள், நாமும் தலையாட்டிவிட்டு மறுநாள் போகிறோம். அங்கே யாருக்கும் கெமரா எடுக்கக் கை வருவதில்லை.

போன் நோண்டினாள் என்று சிலர். வீடியோவில் போனே இல்லை. இன்னொரு தடவை பாருங்கள்.

"கடைப் பிள்ளைகள் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை" என்கிறீர்கள். சரி, கொஞ்சம் உண்மைதான், அப்படியான ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு நாள் பின்னேரம் ஐந்து மணிக்கு மேல் எங்கள் பக்கம் நின்று பாருங்கள். எங்கள் ஊர் ஆட்களே, பக்கத்துத் தோட்டத்து ஆட்களே, உள்ளே வந்ததும் "நங்கி, மேக்க கீயத?" என்று சிங்களத்தில் விலை கேட்பார்கள், நாம் தமிழில் பதில் சொன்னால் முகம் சுருங்கும். கோயிலுக்குப் போட்டுப்போன சட்டையை மூன்றாம் நாள் கொண்டுவந்து "போடவே இல்லை" என்று நீட்டுவார்கள், கழுத்தில் சந்தனம் அப்படியே காய்ந்திருக்கும். சரி என்று வாங்கினால் முதலாளி ஏசுவார், மாட்டேன் என்றால் நீங்கள் ஏசுவீர்கள். இதற்கு மேல் சிரித்த முகமும் வேண்டுமாம்.

எனக்கு மெய்யாகவே வலித்த கேள்வி வேறு. "உன் அம்மா மலையில் கொழுந்து பறிக்கவில்லையா, அவர் நாள் முழுக்க நிற்கவில்லையா, உங்களுக்கு மட்டும் என்ன இவ்வளவு சொகுசு?" நின்றார். இப்போதும் நிற்கிறார். அட்டை கடிக்க, முதுகில் கொழுந்து கனக்க, 2021இல் நாளுக்கு ஆயிரம் ரூபாவுக்கும் 2024இல் 1,350க்கும் அதே மலையில்தான் நின்றார். அந்த ஆயிரத்துக்கே எத்தனை வருடம் கத்தினோம் என்று நான் சொல்லியா தெரிய வேண்டும்? ஆனால் ஒன்று சொல்கிறேன். தேத்தண்ணி நேரம் வந்தால் என் அம்மா கொழுந்தை இறக்கி வைத்துவிட்டு ஒரு கல்லில் உட்காருவார். கங்காணிகூட அதைக் கேட்பதில்லை. வெள்ளைக்காரர்கள் வேனை நிறுத்தி எங்கள் அம்மாக்கள் நிற்பதைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். இப்போது நம் ஆட்களே நாங்கள் உட்கார்வதைப் படம் எடுக்கிறீர்கள். அம்மா கஷ்டப்பட்டதைக் காட்டி மகளும் கஷ்டப்பட வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

சட்டம் கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கடை, அலுவலக ஊழியர் சட்டம் என்று ஒன்று இந்த நாட்டில் 1954ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, 19ஆம் இலக்கம், என் அம்மாவை விட மூத்தது. ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45, அதற்கு மேல் என்றால் மேலதிகக் கொடுப்பனவு, வாரத்தில் ஒன்றரை நாள் லீவு. டவுனில் இறங்கி எந்தக் கடைப் பிள்ளையிடமாவது இந்த ஒன்றரை நாளைப் பற்றிக் கேளுங்கள், சிரிப்பாள். சேமலாப நிதிக்கு எங்களிடம் 8 வீதம், முதலாளியிடம் 12 வீதம் என்று படித்திருக்கிறோம். எத்தனை பேருக்கு அந்த நிதியில் ஒரு அங்கத்துவ இலக்கமே இல்லை என்பதை நான் இங்கே எழுதினால் நாளைக்கு என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், ஆகவே எழுதவில்லை.

கேரளாவில் துணிக்கடைப் பெண்கள் போராடி, வேலை நேரத்தில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2018இல் சட்டத்தையே திருத்த வைத்தார்கள். தமிழ்நாட்டிலும் 2021இல் வந்துவிட்டது. அங்கே ஒரு புது டிசைன் சாரி வந்தால் அடுத்த மாதமே இங்கே வந்து "அது இருக்கா?" என்று கேட்கிறீர்களே. அந்தக் கதிரை மட்டும் இன்னும் கப்பலேறவில்லை.

"முதலாளியைக் கேட்காமல் எங்களை ஏன் ஏசுகிறாய்?" என்று வருவீர்கள், தெரியும். முதலாளி கதிரை போடாததற்கு அவர் சொல்லும் காரணம் என்ன தெரியுமா? "வாற சனம் பார்த்தா என்ன நினைக்கும்?" அந்தச் சனம் நீங்கள்தான். நீங்கள் நினைத்ததை வீடியோவாகவே போட்டுக் காட்டிவிட்டீர்கள். இனி அவர் எந்த ஜென்மத்தில் கதிரை போடப்போகிறார்?

எங்களோடு வேலை செய்த ஒரு அக்காவுக்குக் கெண்டைக்காலில் நரம்பு பச்சை பச்சையாக முடிச்சு விழுந்திருந்தது. கிளினிக்கில் டொக்டர் நின்று வேலை செய்ய வேண்டாம் என்றாராம். "அதை ஒரு துண்டில எழுதித் தந்தாலாவது கடையில காட்டியிருக்கலாம்" என்று அக்காவே சிரித்தார். அந்தக் காலோடுதான் அந்தத் தீபாவளியும் முடிந்தது, தைப்பொங்கலோடு வேலையை விட்டார். அவரை யாரும் வீடியோ எடுக்கவில்லை, ஏனென்றால் அவர் ஒருபோதும் உட்காரவில்லை.

இத்தனைக்கும் மேல் அந்தப் பதிவின் கீழே ஒரு கருத்து. "தோட்டத்துப் பிள்ளைகளை வேலைக்கு எடுத்தால் இப்படித்தான்." எழுதியவரின் பெயரைப் பார்த்தேன். அவர் எந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தார் என்று எனக்குத் தெரியும், அவர் அம்மாவும் என் அம்மாவும் ஒரே மலையில் நிரை பிடித்தவர்கள். இப்போது டவுனில் வீடு, வாசலில் கார். சந்தோஷம். கஷ்டப்பட்டு வந்தவர், வரட்டும். ஆனால் அந்த ஒரு வரியை எழுதும்போது கை கொஞ்சமாவது கூசவில்லையா அண்ணா? அவர் தங்கச்சியின் கல்யாணத்துக்கு எங்கள் கடையில்தான் சாரி எடுத்தார்கள். பின்னேரம் முழுக்க விரித்துக் காட்டியது நான். அன்றைக்கு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள், என்னைத் தவிர.

வீடியோ எடுத்தவர் அதை அழித்துவிட வேண்டும். மன்னிப்பெல்லாம் வேண்டாம், அழித்தால் போதும். அந்தப் பிள்ளை இரண்டு நாளாக வேலைக்கு வரவில்லை என்று கேள்வி, மற்றது எனக்குத் தெரியாது. கொமெண்டில் அந்த லிங்கைப் போடுபவர்களை பிளொக் செய்வேன். அவள் யார், எந்தக் கடை, எந்தத் தோட்டம் என்று இன்பொக்ஸில் கேட்பவர்களுக்கும் பதில் கிடையாது.