ஐ.சி.சி.யு. வாசலில் யாராவது ஒருத்தர் பேசுங்கள்

ஜிஹெச்சில் வைத்தியம் நன்றாகவே பார்க்கிறார்கள். இதை எழுதினால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள், மீதிப் பேர் என்னைக் கட்சிக்காரன் என்பார்கள், பரவாயில்லை. ஆனால் அங்கே போய்ப் பிழைத்து வந்தவர்களே ஏன் "இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன்" என்கிறார்கள் என்பது எனக்கு ரொம்ப நாளாகப் பிடிபடாமல் இருந்தது. போன வருஷம் சித்தப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது கூடவே இருந்து பார்த்ததில் புரிந்தது.

சித்தப்பா கட்டட மேஸ்திரி. பீடி உண்டு, சர்க்கரை உண்டு, மாத்திரை நினைத்தால் போடுவார். ஒரு நாள் வேலை செய்யும் இடத்தில் நெஞ்சைப் பிசைகிறது என்று சொல்லி, வாயுவாக இருக்கும் என்று தானே முடிவு செய்து சோடா வாங்கிக் குடித்திருக்கிறார். சட்டை நனையும் அளவுக்கு வேர்ப்பதைப் பார்த்த சித்தாள் அம்மா ஒருவர்தான் சத்தம் போட்டு, ஆட்டோவில் ஏற்றி, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பியிருக்கிறார். அங்கே ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த கையோடு உள்ளங்கை நிறைய மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாடின் 8, ஆக 14. 2023ல் 'இதயம் காப்போம்' என்று தொடங்கினார்களே, அந்தத் திட்டம்தான். பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை ரத்தம் மேலும் உறையாமல் பிடித்து வைப்பதற்காக. அப்புறம் 108. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, மறுநாள் ஆஞ்சியோ, ஒரு ஸ்டென்ட். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் ஸ்டென்ட்டுக்கென்று ஒரு ரூபாய்கூடக் கையில் இருந்து போகவில்லை. எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று கமெண்டில் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன், எல்லா ஊரிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

இவ்வளவும் சரியாக நடந்திருக்கிறது, இல்லையா? ஆனால் இது எல்லாம் நடந்து முடிகிறவரை சித்தப்பாவுக்கு வந்தது மாரடைப்பு என்றே சித்திக்குத் தெரியாது.

"என்னமோ ஊசி போட்டாங்க தம்பி, குளுக்கோஸ் மாதிரி ஏறுச்சு, அப்புறம் உள்ள கொண்டு போயிட்டாங்க" என்றுதான் போனில் சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது ஐ.சி.சி.யு. (இதய நோயாளிகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) வாசலில், செருப்புக் கூடைக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்திருந்தார். கதவு எப்போது திறக்கும், யார் வருவார், எதற்காகக் கூப்பிடுவார் என்று எதுவும் தெரியாத உட்கார்தல் அது. பாத்ரூம் போகக்கூட பயம், அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டுவிட்டால்? கதவு திறக்கும்போதெல்லாம் அங்கே இருந்த இருபது முப்பது பேரும் சேர்ந்து எழுந்து நிற்பார்கள். உள்ளே இருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து, பெயரைச் சொல்லி, ரத்தம் எடுத்த குழாயை நீட்டும். "லேப்ல குடுத்துட்டு வாங்க." எந்த லேப், எந்தக் கட்டடம், எந்த மாடி என்று கேட்பதற்குள் கதவு சாத்திவிடும்.

சித்திக்கு வழி சொன்னது ஆஸ்பத்திரி இல்லை, அங்கேயே சில நாளாகத் தன் வீட்டுக்காரருக்காகக் காத்துக்கிடந்த வேறொரு அம்மா. லேப் எங்கே, ரிசல்ட் எத்தனை மணிக்கு வரும், ஜெராக்ஸ் கடையில் ரேஷன் கார்டையும் ஆதாரையும் எத்தனை நகல் எடுக்க வேண்டும், காப்பீட்டு கவுண்டரில் மதியத்துக்கு மேல் போனால் ஆள் இருக்காது, வெந்நீர் எங்கே கிடைக்கும், எந்த வாட்ச்மேன் நல்ல மனுஷன், எல்லாம் அவருக்கு அத்துப்படி. சித்திக்கு "உங்க வீட்டுக்காரருக்கு அட்டாக்குதான், என் வீட்டுக்காரருக்கும் இந்த ஊசிதான் போட்டாங்க" என்று முதலில் சொன்னதும் அவர்தான். யோசித்துப் பாருங்கள், புருஷனுக்கு மாரடைப்பு என்பதை ஒரு பெண் வராந்தாவில் பாய் விரித்திருக்கும் இன்னொரு பெண் வாயால் தெரிந்துகொள்கிறார்.

ஆஞ்சியோவுக்கு முன்னால் ஒரு பாரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். "இங்க போடுங்க, கீழ இன்னொண்ணு" அவ்வளவுதான். பாரத்தில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டதற்கு, "கூட வந்தவரா நீங்க? சம்மதம் இல்லன்னா சொல்லிடுங்க சார், அடுத்த கேஸ் பாக்கணும்" என்று கையெழுத்து வாங்கியவரிடமிருந்து பதில். அவரைத் திட்டத் தோன்றவில்லை, முகத்தைப் பார்த்தால் தூங்கி ரெண்டு நாள் ஆனது போல இருந்தது. ஆனாலும் நெஞ்சுக்குள் கம்பியை விடப் போகிறீர்கள், அதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுக் கையெழுத்து கேட்கக் கூடாதா?

இதற்கு நேரமே இல்லை என்பார்கள். அதை நான் ஏற்கத் தயாராக இல்லை, ஏனென்றால் அதே வார்டில் ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி டாக்டர் பெண் ஒருத்தி இருந்தாள், இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். ஸ்டென்ட் வைத்த அன்று சாயங்காலம் சித்தி அழுதுகொண்டு நிற்பதைப் பார்த்து, ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு இதயத்தை வரைந்தாள். மேலே மூன்று கோடு இழுத்து, "இது மூணும் இதயத்துக்கு ரத்தம் கொண்டு போற குழாய்மா, இதுல முன்னாடி இருக்கற இந்தக் குழாய்ல இந்த எடத்துல அடைப்பு, அங்க ஒரு சின்னச் சல்லடைக் குழாய் வெச்சு விரிச்சு விட்டுருக்கோம், இப்ப ரத்தம் ஓடுது" என்றாள். ரெண்டு நிமிஷம் ஆகியிருக்குமா, அதுகூட இருக்காது. அன்றைக்குத்தான் சித்தி சாப்பிட்டார்.

பணம் பிடுங்குவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அதை மறைத்துவிட்டேன் என்பீர்கள். ஸ்ட்ரெச்சர் தள்ள காசு, வார்டு மாற்ற காசு, பிரசவ வார்டு என்றால் ஆண் குழந்தைக்கு ஒரு ரேட், பெண் குழந்தைக்கு ஒரு ரேட். எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் கொடுக்கிறோம். எனக்கு இதிலும் தெரிவது ஒன்றுதான்: பெரும்பாலானவர்கள் அந்தக் காசைக் கொடுப்பது வேலைக்காக இல்லை, தகவலுக்காக. உள்ளே எப்படி இருக்கார் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்பதற்காக வார்டு பாயின் சட்டைப் பையில் நூறு ரூபாய் போகிறது. அந்த ஒரு வார்த்தையை ஆஸ்பத்திரியே முறையாகச் சொல்லிவிட்டால் அவருக்குப் பாதி வருமானம் போய்விடும்.

இனி டிஸ்சார்ஜ். டிஸ்சார்ஜ் சம்மரி முழுக்க ஆங்கிலம். மருந்து கவுண்டரில் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்து வந்தது கத்தரித்த அட்டைகள், கத்தரித்ததில் பாதி அட்டைகளில் மருந்தின் பெயரே போய்விட்டது. "இது காலைல, இது நைட்டு, இது ரெண்டு வேளை, அடுத்து வாங்க." பின்னால் வரிசை முதுகைத் தள்ளுகிறது. சித்தப்பா எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டார். அப்புறம் நடக்கிறார், மாடி ஏறுகிறார், வலி இல்லை, பல் தேய்க்கும்போது மட்டும் ஈறில் ரத்தம் வருகிறது, எந்த மாத்திரையால் வருகிறது என்று அவரே ஆராய்ச்சி செய்து குளோபிடோக்ரலை நிறுத்திவிட்டார். ஸ்டென்ட் வைத்தவர் டாக்டரைக் கேட்காமல் அந்த மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மறுபடியும் அட்டாக் வரலாம், உயிரே போகலாம். அத்தனை லட்சம் செலவு செய்து, அத்தனை பேர் ராத்திரி கண் விழித்துக் காப்பாற்றிய வைத்தியம், யாரும் சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியத்தால் வீணாகியிருக்கும்.

அதைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா, மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலர் அக்கா. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம், பிரஷர் சுகர் மாத்திரையை வீட்டிலேயே கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்த அக்கா சர்க்கரை மாத்திரை கொடுக்க வந்தவர், திண்ணையில் உட்கார்ந்து பையை எடுத்துக் கொட்டச் சொல்லியிருக்கிறார். "இது ஏன் அப்படியே இருக்கு? ஸ்டென்ட்டு வெச்சிருக்காங்கல்ல, இதப் போய் நிறுத்துவாங்களா?" என்று ஒரு சத்தம். சித்தப்பா அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்க் கேட்டு மறுபடியும் ஆரம்பித்தார். அவ்வளவு படித்தவர்கள் இருக்கும் கட்டடத்தில் நடக்காத வேலை, ஊக்கத்தொகைக்கு வேலை பார்க்கும் ஒரு பெண்ணால் திண்ணையில் நடந்தது.

சிஸ்டர்களைத் திட்டிப் பதிவு போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. கற்பிக்கும் மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லும் கணக்கு. உங்கள் ஊர் ஜிஹெச் வார்டுக்குப் போய் ஒரு நாள் ராத்திரி எண்ணிப் பாருங்கள், எனக்குப் பதில் சொல்ல வேண்டாம். பல பேர் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள், 2017ல் நிரந்தரம் கேட்டு சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்களே, நினைவிருக்கும். ஒருத்தர் தலையில் இத்தனை கட்டில் இருந்தால் சிரித்துப் பேச வராது, சரி. அப்படியென்றால் பேசுவதற்கென்றே ஆள் போடுங்கள். தனியார் ஆஸ்பத்திரியில் அதற்குத்தான் தனி ஆள் இருக்கிறார், டை கட்டிக்கொண்டு, "சார் பயப்படாதீங்க" என்று ஆரம்பித்துப் பில்லில் முடிப்பார். அங்கே பேச்சு நன்றாக இருக்கும், பில்லைப் பார்த்தால் நமக்கு நெஞ்சுவலி வரும். எங்கள் தெருவிலேயே நகை விற்று அங்கே போனவர்கள் இருக்கிறார்கள், ஏன் ஜிஹெச் போகவில்லை என்றால் "அங்க மனுஷனா மதிக்க மாட்டாங்க" என்பார்கள். வைத்தியம் சரியில்லை என்று ஒருத்தரும் சொல்லவில்லை, கவனியுங்கள்.

இன்னொன்று கண்ணில் பட்டது. காத்திருக்கும் இடத்தில், எல்லா ஜிஹெச்சிலும் இருக்கும் அந்தப் போர்டு இங்கேயும் இருந்தது. 2008ஆம் வருஷத்துச் சட்டம், மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் 3 முதல் 10 ஆண்டு சிறை. நல்ல தமிழில், தூரத்தில் இருந்தே தெரியும் எழுத்தில். இருக்க வேண்டியதுதான். 2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவரை நோயாளியின் மகன் கத்தியால் குத்தினான், அதற்கு எந்த நியாயமும் கிடையாது, யாரும் கமெண்டில் நியாயம் பேச வராதீர்கள். ஆனால் தேசிய மனித உரிமை ஆணையம் 2018ல் நோயாளிகளுக்கு 17 உரிமைகள் என்று ஒரு சாசனம் தயாரித்தது, அதில் முதல் உரிமையே தன் நோய் என்ன, சிகிச்சை என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமை. அந்தச் சாசனத்துக்கு ஒரு போர்டு இருக்கிறதா என்று அந்த வளாகம் முழுக்கத் தேடினேன். இல்லை.

கேட்டால் ஒரே பதில், "ஓசியிலதானே பாக்கறோம்." இதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. ஓசியாம்! அரசு மருத்துவமனைகளும் காப்பீட்டுத் திட்டத்தில் செய்யும் சிகிச்சைக்குத் தொகை கேட்டு வாங்கிக்கொள்கின்றன, சித்தப்பாவின் ஸ்டென்ட்டுக்கும் அப்படித்தான். சட்டமும் நம் பக்கம் இல்லை என்பது வேறு கதை: எல்லோருக்கும் இலவசமாகவே வைத்தியம் பார்க்கும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995ல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காசு கொடுத்தவன் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம், ஜிஹெச்சில் படுத்தவன் டீனுக்கு மனு எழுதலாம்.

முடியாத காரியமாக எதையும் கேட்கவில்லை. 1994ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கி, மாநிலம் முழுக்க மருந்தை மொத்தமாக வாங்கி, கிடங்கில் வைத்து, ஆஸ்பத்திரிக்கு ஒரு பாஸ்புக் போட்டுக் கணக்காகக் கொடுத்த அரசு இது. கேரளாவும் ராஜஸ்தானும் பார்த்துப் பழகிய ஏற்பாடு. மாத்திரையை இவ்வளவு ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்க்கத் தெரிந்தவர்களுக்கு, அந்த மாத்திரையைப் போட ஒரு காகித உறையும், உறையின் மேல் சூரியனும் நிலாவும், கீழே "டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்" என்று தமிழில் ஒரு வரியும் அச்சடிக்கத் தெரியாதா?

டீனுக்கு நான் மனு எழுதிக் கொடுத்துவிட்டேன். தினமும் காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, குறித்த நேரத்தில் ஐ.சி.சி.யு. வாசலில் ஒருத்தர் வந்து, ஒவ்வொரு வீட்டாரையும் கூப்பிட்டு, இன்றைக்கு என்ன செய்தோம், நாளைக்கு என்ன செய்யப் போகிறோம் என்று சொல்ல வேண்டும், வீட்டுக்கு அனுப்பும்போது தமிழில் ஒரு தாள் தர வேண்டும். கேட்டது அவ்வளவுதான். பெற்றுக்கொண்டதற்கு அலுவலகத்தில் சீல் போட்டுத் தந்திருக்கிறார்கள். பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன். உங்கள் ஊர் ஜிஹெச்சில் ஏற்கெனவே இப்படி யாராவது வந்து சொல்கிறார்கள் என்றால் கமெண்டில் எழுதுங்கள், அடுத்த மனுவில் அதையும் சேர்க்க வேண்டும்.