டாங்ராவின் தோல் ஷெட்டுகள்

கொல்கத்தா போகிறவர்களிடம் “டாங்ராவில் சாப்பிடாமல் வராதே” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். டாங்ரா அந்த நகரின் சீனர் குடியிருப்பு. சாப்பிடுங்கள். ஆனால் அங்குள்ள உணவகங்களில் பலவும் தோல் பதனிடும் ஷெட்டுகள் இருந்த இடத்தில் நிற்பவை. அந்த ஊரைக் கட்டியது தோல். அதைச் சொல்லாமல் சில்லி சிக்கனை மட்டும் வைத்து “இந்தியாவின் சைனா டவுன்” என்று எழுதுவது எனக்கு உறுத்துகிறது.

கொல்கத்தாவில் சீனர்கள் குடியேறியது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில். வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் ஹூக்ளிக் கரையில் நிலம் பெற்று, டோங் அச்சூ என்பவர் சர்க்கரை ஆலை வைத்தார். அவர் பெயரால் அந்த ஊர் இன்றும் அச்சிப்பூர். பிறகு நகருக்குள் டிரெட்டா பஜார் என்ற சீனர் பகுதி வளர்ந்தது. சீனாவின் காண்டன் பகுதிக்காரர்களுக்குத் தச்சு வேலை, ஹூபே மாகாணக்காரர்களுக்குப் பல் வைத்தியம், ஹக்கா மொழி பேசும் ஹக்காக்களுக்குச் செருப்பும் தோலும் எனத் தொழில்கள் பிரிந்தன. அங்குள்ள சீனக் கோயில்களை ஊர்க்காரர்கள் ‘சர்ச்’ என்றே அழைக்கிறார்கள்: நாம் சூன், ஸீ இப், டூங் ஆன்.

தோல் வேலைக்கு நிறைய இடமும் தண்ணீரும் வேண்டும், நாற்றத்தைப் பொறுக்கும் அக்கம்பக்கமும் வேண்டும். அதனால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹக்காக்கள் நகரின் கிழக்கு ஓரச் சதுப்பு நிலத்துக்குப் போனார்கள். அதுதான் டாங்ரா. 1980 வாக்கில் அங்கே சீனர்களின் டேனரிகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள், ஏறக்குறைய 300 இருந்தன. பல குடும்பங்களுக்கு வீடும் டேனரியும் ஒரே கட்டடம்தான்.

ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு இந்த வேலை தெரியும். உப்பிட்ட தோலை ஊறவைத்து, சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் போட்டு முடியை நீக்க வேண்டும். சதையைச் சீவி, சுண்ணாம்பை எடுத்து, உப்பும் கந்தக அமிலமும் கலந்த, ‘பிக்கிள்’ எனப்படும் கரைசலில் போட வேண்டும். அதன் பிறகே, தோலை அழுகாமல் பதப்படுத்தும் குரோம் உப்பு ஏறும். வழக்கமான முறையில் போடும் குரோமில் 60 முதல் 70 சதவீதம் வரைதான் தோலில் பிடிக்கும், மிச்சம் கழிவுநீரில் போகும். ஒரு டன் பச்சைத்தோலுக்கு 30,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் செலவாகும். சல்ஃபைடு கழிவும் அமிலக் கழிவும் ஒரே சாக்கடையில் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். மூடிய தொட்டிக்குள் இறங்குகிற ஆளை அது சில நொடிகளில் சாய்த்துவிடும். டாங்ராவில் இந்த வேலைகளைக் கையால் செய்தவர்களில் பெரும்பகுதி பீகாரிலிருந்து வந்த தலித் தொழிலாளர்கள். சைனா டவுன் கட்டுரைகளில் அவர்களுக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை.

இந்தச் சீனர்களுக்கு முதல் அடி 1962 இந்திய-சீனப் போரில் விழுந்தது. அந்த ஆண்டு வந்த சட்டம், தாத்தா பாட்டியில் ஒருவர் சீனக் குடிமக்களாக இருந்திருந்தாலே போதும், இங்கே பிறந்தவரையும் வெளிநாட்டவராக நடத்தலாம் என்றது. அஸ்ஸாம், டார்ஜிலிங் பக்கமிருந்து ஏறக்குறைய 3,000 பேரை ராஜஸ்தானின் தியோலி முகாமில் அடைத்தார்கள். சிலர் ஐந்து ஆண்டுகள் வரை அங்கே கிடந்தார்கள். கொல்கத்தாவில் வெளியே இருந்தவர்களுக்கும் ஊர் விட்டுப் போக போலீஸ் அனுமதி வேண்டியிருந்தது. கனடாவுக்குக் குடும்பம் குடும்பமாகப் போனதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். இதற்காக இந்திய அரசு இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும்.

இரண்டாவது அடி 1996இல். அந்த ஆகஸ்டில், தோல் ஆலைக் கழிவு பற்றிய பாலாறு வழக்கில் தீர்ப்பு எழுதிய உச்ச நீதிமன்ற நீதிபதி குல்தீப் சிங், டிசம்பர் 19 அன்று கொல்கத்தா டேனரிகள் வழக்கிலும் தீர்ப்பு வழங்கினார். பாலாற்றில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இருந்த இடத்திலேயே தொழிலைத் தொடர வழி இருந்தது. டாங்ராவோ நகருக்கு வெளியே உள்ள பான்தலாவுக்கு இடம்பெயர வேண்டும் என்று உத்தரவானது. மாசு உண்மை, அதை நான் மறுக்கவில்லை. கழிவை அப்படியே விட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆனால் மாடியில் குடும்பம், கீழே தோலைச் சுழற்றும் டிரம் என்று வாழ்ந்த சிறு முதலாளிக்குப் புது மனை, புது ஷெட், கழிவுக் கட்டணம், தினசரிப் போக்குவரத்து எல்லாம் ஒன்றாகத் தலையில் விழுந்தன. பிள்ளைகள் டொரொண்டோவில் இருக்க, அறுபது வயதில் யார் புதிதாக முதல் போடுவார்கள்? சிலர் பான்தலா போனார்கள். பலர் ஷெட்டை உணவகமாகவோ சாஸ் தொழிற்சாலையாகவோ மாற்றினார்கள், இல்லை விற்றுவிட்டார்கள். ஒரு டேனரி மனை சிறியதல்ல, அதனால் அடுக்குமாடிக்காரர்களுக்கு அது வசதியான துண்டு.

பாரம்பரியம் என்ற பெயரில் இப்போது வரும் திட்டங்கள் அலங்கார வளைவு, விளக்கு, உணவுத் திருவிழா என்று தொடங்குகின்றன. எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. முதலில் கோயில் அறக்கட்டளைகளின் நிலப் பத்திரங்களைச் சரிபார்த்துப் பாதுகாக்க வேண்டும். மிச்சமிருக்கும் ஷெட்டுகளில் இரண்டையாவது, டிரம், சுண்ணாம்புத் தொட்டி, மாடி வீடு சகிதம், இடிக்காமல் அளந்து ஆவணப்படுத்த வேண்டும். வேலை செய்த பீகாரித் தொழிலாளர்களின் வாய்மொழியையும் அதே கோப்பில் சேர்க்க வேண்டும். டிரெட்டா பஜாரில் ஞாயிறு காலையில் ஆவியில் வெந்த சீன பன்னும் (பாவ்) சூப்பும் விற்கும் வயதானவர்களுக்குத் தண்ணீர்க் குழாயும் குப்பை அள்ளுதலும் வேண்டும். அந்தத் தெருவுக்கு வளைவு கட்டும் பணத்தில் முதலில் இதைச் செய்யலாம்.