காட்பாடி பிளாட்பாரத்தில் பொரி தின்றால் தப்பா?

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வேலூருக்குப் பக்கத்தில் காட்பாடி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து பொரி தின்கிற ஒரு வடநாட்டுக் குடும்பத்தை, ஊரைப் பிடிக்க வந்துவிட்டார்கள் என்று கேலி செய்கிறதே, அதுதான். எங்கள் சொந்தக்காரர்கள் குரூப்பிலேயே ஆளாளுக்குப் போட்டுவிட்டார்கள். "இதுல என்ன சிரிப்பு?" என்று கேட்டேன். "நீ இன்னா வடக்கனுக்கு வக்கீலா?" என்று பதில் வந்தது. அதற்குக் கீழே கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக.

சரி, வக்கீலாகவே இருந்துவிட்டுப் போகிறேன். அவர்களில் ஒருவரிடமாவது உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா? அதை மட்டும் சொல்லுங்கள்.

அந்த வீடியோவை ஒரு நொடி நிறுத்திப் பாருங்கள். பொரியைக் கடுகெண்ணெய் விட்டுப் பிசைகிற அந்த அம்மாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய எக்ஸ்ரே கவர் இருக்கிறது. பெரியவரின் புறங்கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. ஊரைப் பிடிக்க வந்தவர்களாம்! டெஸ்ட் எடுத்து, ரிப்போர்ட் வரக் காத்திருந்து, கையில் இருந்ததெல்லாம் கரைந்தபின் ஊருக்கு ரயில் ஏறப் போகிறவர்கள் பொரி தின்னாமல் பிரியாணியா தின்பார்கள்?

1900இல் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதுதான் எங்கள் வேலூரின் இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரி. அதை நம்பி வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், பங்களாதேஷ் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். காந்தி ரோட்டில் வங்காளி எழுத்தில் போர்டு தொங்குவது அதனால்தான். அந்த போர்டை எழுதி மாட்டியது வங்காளிகள் இல்லை, நம் ஆட்கள்.

என் பெரியப்பா அந்தப் பக்கம் ஸ்டவ், பாத்திரம் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறையில் நான் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒருமுறை ஒரு வங்காளி அம்மா வந்து எதையோ கேட்கிறார், எங்களுக்குப் புரியவில்லை. சட்டென்று தரையில் உட்கார்ந்து, ஒரு காலை மடித்து, எதையோ அழுத்திப் பிடித்த மாதிரி வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் மீனை முன்னால் தள்ளி நறுக்குவதுபோல் காட்டினார். பெரியப்பா சிரித்துவிட்டார். அருவாமணை! அப்படியே எங்கள் ஆயா உட்காரும் உட்காரல். கடையில் அது இல்லை, வீட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லிக் கொடுத்தார். ஊருக்குப் போகும்போது புளி போட்டுத் தேய்த்த மாதிரி பளபளவென்று திருப்பித் தந்தார்கள். பாத்திரமும் அப்படித்தான். நம் உள்ளூர்க் கல்யாணங்களுக்குப் போன அண்டாக்கள் எந்த லட்சணத்தில் திரும்பி வந்தன என்பதை நான் எழுதினால் பாதிப் பேர் என்னை பிளாக் செய்துவிடுவீர்கள்.

"அதான் வாடகைக் காசு தின்னவன், அப்படித்தான் பேசுவான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தின்றோம். அந்தக் காசில்தான் நான் படித்தேன். வேலூரில் லாட்ஜ், மெடிக்கல் ஷாப், ஆட்டோ, மீன் மார்க்கெட், மெஸ் என்று யார்தான் தின்னவில்லை? தின்றுவிட்டு எச்சில் கையாலேயே மீம் போடுகிறீர்களே, அதுதான் பொறுக்கவில்லை.

பான் எச்சில் பற்றிக் கேட்பீர்கள். எனக்கும் எரிச்சல்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் புது பஸ் ஸ்டாண்டு சுவரை நாறடிப்பது எந்த மாநிலத்துக்காரர் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டாவது போய்ப் பாருங்கள். குற்றம், திருட்டு என்பவர்களுக்கு, அது போலீஸ் வேலை. "தமிழ் கத்துக்க மாட்டேங்கறான்" என்பவர்களுக்குப் பதில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. கிட்னிக்கு வைத்தியம் பார்க்க வந்தவன் முதலில் திருக்குறள் ஒப்பிக்க வேண்டுமா?

தம்பி மேற்கு வங்காளத்து துர்காபூரில் வேலையில் இருந்தபோது போயிருந்தேன். ஸ்டேஷன் வாசலில் ஒரு டீக்கடை. எந்த ஊர் என்றார். தமிழ்நாடு என்றேன், சும்மா தலையாட்டினார். வேலூர் என்றதும் டீ ஆற்றுவதையே நிறுத்திவிட்டார். அவருடைய அண்ணனுக்கு இங்கேதான் இதய ஆபரேஷனாம். உடனே என்னைக் கட்டிப்பிடித்தார் என்று நினைக்காதீர்கள். "உங்க ஊர் ஆட்டோக்காரங்க எல்லாம் ஏமாத்துவாங்களே, நீங்களும் அந்த ஊர்தானா?" என்றுதான் கேட்டார், பெஞ்சில் இருந்த அத்தனை பேர் முன்னாலும். எனக்குச் சுருக்கென்றது. எல்லாரும் அப்படி இல்லை என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கால் மணி நேரம் வாதாடினேன். கிளம்பும்போது மீதிச் சில்லறையை ஒவ்வொன்றாக எண்ணி என் உள்ளங்கையில் வைத்து, சரியா என்று பார்க்கச் சொன்னார். அந்த ஒரு டீக்கே எனக்கு அவ்வளவு வலித்தது. அந்த எக்ஸ்ரே கவர் குடும்பத்தை எத்தனை ஆயிரம் பேர் பார்த்துச் சிரித்திருப்பார்கள்?

நம்மைப் பற்றியும் கதை கட்டினார்களே, மறந்துவிட்டதா? 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் ஓடின. பீகார் அரசே அதிகாரிகள் குழுவை இங்கே அனுப்பியது. அப்போது "எங்களைப் பற்றித் தெரியாமல் பேசாதே" என்று பொங்கினோம். 1960களில் பம்பாயில் நம் ஆட்களை லுங்கி என்று சொல்லி அடித்து விரட்டினார்கள். அதை இன்றுவரை சொல்லிச் சொல்லி ஆறவில்லை நமக்கு. ஆறக் கூடாதுதான். ஆனால் அதே வாயால் இது எப்படி வருகிறது?

எங்கள் பக்கத்துப் பட்டாளத்துக்காரர் ஊரான கம்மவான்பேட்டைக்குப் போய் பட்டாளத்தில் இருந்து வந்த எந்தத் தாத்தாவையாவது கேளுங்கள். பஞ்சாபில் யார் வீட்டில் ரொட்டி தின்றார், அசாமில் காய்ச்சல் வந்தபோது யார் கஞ்சி வைத்துக் கொடுத்தார் என்று ராத்திரி முழுக்கச் சொல்வார். வடக்கே வாழ்ந்தவர் வாயில் அந்த "வடக்கன்" வருவதில்லை. வேலூர் எல்லையைத் தாண்டாதவர்களுக்குத்தான் எல்லாம் தெரிந்திருக்கிறது.

இலங்கையிலிருந்து கைதியாக வந்த கண்டி ராஜாவுக்குப் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்று நினைவிடம் கட்டி வைத்திருக்கிற ஊர் இது. நோயாளியாக வந்தவருக்கு மீம்.

கடைசியாக ஒன்று. குரூப்பில் முதலில் அதைப் போட்டது என் அத்தை மகன். அவர் புது வீட்டுக்கு வரும் தையில் கிரகப்பிரவேசம். போவேன், அத்தைக்காகப் போவேன். மாடியில் தனி பாத்ரூமோடு இரண்டு அறை எடுத்திருக்கிறார். யாருக்கு விடப் போகிறீர்கள் மாமா என்று போன மாதம்தான் கேட்டேன். "ஆஸ்பத்திரிக்கு வர வங்காளிங்களுக்குத்தான். நம்ம ஆளுங்கன்னா வாடகைக்கு இழுத்தடிப்பானுங்க" என்றார்.